அமைதி காப்பு: சொல் விளக்கம்

ஐ.நா. படைகளின் பணியைக் குறிக்கும் 'பீஸ்கீப்பிங்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பலரும் 'அமைதிப்படை' என்றே எழுதுகிறோம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையால் வேரூன்றிய வழக்கு அது. ஆனால் படை என்பது ஆட்களைக் குறிக்கும். செயலைக் குறிக்க 'அமைதி காப்பு' என்பதே பொருத்தமான சொல்.

'பீஸ்' என்பதன் மூலமான 'பாக்ஸ்' என்னும் லத்தீன் சொல், உடன்படிக்கை செய்துகொள்வதைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. நம் 'அமை' என்னும் வேருக்கும் அடங்குதல், பொருந்துதல் என்பவற்றோடு உடன்படுதல் என்ற பொருளும் உண்டு. 'காப்பு' என்பதைக் கொங்கு நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் பூளைப்பூவையும் சேர்த்து இறவாரத்தில் செருகிக் காப்புக் கட்டுகிறோம்; இருக்கின்ற வீட்டுக்கே அதைக் கட்டுகிறோம். அமைதி காப்பும் அவ்வாறே, ஏற்கெனவே உடன்பட்ட அமைதி ஒன்று இருப்பதாகக் கொண்டே தொடங்குகிறது.

ஐ.நா. சாசனத்தில் 'பீஸ்கீப்பிங்' என்னும் சொல் கிடையாது. 1948இல் அரபு–இஸ்ரேல் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கச் சென்றவர்களிடமிருந்து இப்பணி தொடங்கியது. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது ஆயுதம் தாங்கிய முதல் படை சென்றது. தரப்பினரின் இசைவு, பக்கம் சாராமை, தற்காப்புக்கும் இட்ட ஆணையைக் காப்பதற்குமன்றிப் படைபலத்தைப் பயன்படுத்தாமை ஆகிய மூன்றும் இதன் நெறிகள்.

வன்முறைத் தீவிரவாதக் குழுக்களின் முன் இம்மூன்றும் ஆட்டங்காண்கின்றன. 2013இல் ஐ.நா. படை மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலிக்குச் சென்றபோது, அல்-காய்தாவைச் சார்ந்த குழுக்கள் அதற்கு இசைவு தரவுமில்லை. பின்னர் ஏற்பட்ட அமைதி ஒப்பந்தத்தில் சேரவுமில்லை. உணவும் எரிபொருளும் ஏற்றிச் சென்ற வண்டித்தொடர்கள் சாலையில் புதைத்த வெடிகுண்டுகளில் சிக்கின. ஐ.நா. சின்னம் தாங்கிய நீலத் தலைக்கவசமே இலக்கானது. கண்ணிவெடியைத் தாங்கும் வாகனங்கள், ஆளில்லா விமானங்கள், தகவல் திரட்டும் தனிப்பிரிவு எனப் பலவும் சேர்க்கப்பட்டன. ஆயினும், மாலி அரசே இசைவை விலக்கிக்கொண்டதால் 2023 இறுதியில் வெளியேறியபோது, அப்படை 300க்கும் மேற்பட்டோரை இழந்திருந்தது.

பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கு ஐ.நா. அமைதி காப்புப் பணிகள் ஏற்றவையல்ல என்று, கிழக்குத் திமோர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான ராமோஸ்-ஹோர்ட்டா தலைமையிலான ஐ.நா. உயர்நிலைக் குழு 2015இலேயே கூறியிருந்தது. அத்தகைய போரை 2007 முதல் சோமாலியாவில் அல்-ஷபாப் என்னும் தீவிரவாதக் குழுவுக்கு எதிராக நடத்தியது ஆப்பிரிக்க ஒன்றியப் படை. அதையும் 'அமைதிப்படை' என்று எழுதுவது, அங்கே மடிந்த வீரர்கள் எத்தகைய பணிக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. இல்லாத அமைதியைப் படைபலத்தால் உண்டாக்கும் முயற்சியை 'அமைதி நாட்டல்' என்று பிரித்து வழங்கலாம். 2023 டிசம்பரில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2719ஆம் தீர்மானம், ஆப்பிரிக்க ஒன்றியம் தலைமை தாங்கும் நடவடிக்கைகளுக்கு ஐ.நா. உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து 75 விழுக்காடு வரை நிதி வழங்க வழிசெய்திருப்பதால், 'அமைதி நாட்டல்' என்னும் சொல்லுக்கு இனி வேலை மிகும்.