சுட்ட தோட்டாக் கூடு மறுபடி பளிச்சிடுவது எப்படி?

துப்பாக்கி சுட்டதும் தெறித்து விழும் பித்தளைக் கூட்டைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், கூடு என்று ஒரு தோட்டாவில் இருக்கும் நான்கில் கூடுதான் விலை கூடியது. சுட்ட பிறகும் திரும்பப் பயன்படும்படி மிஞ்சுவது அது ஒன்றுதான். அதனால் அமெரிக்காவில் இலக்குச் சுடும் விளையாட்டுக்காரர்களும் வேட்டைக்காரர்களும் கூடுகளைப் பொறுக்கி எடுத்து, கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, திரும்ப நிரப்புகிறார்கள். இதில் கழுவும் வேலையைச் செய்வது டம்ப்ளர் என்ற எளிய இயந்திரம்.

பலரும் பளபளப்புக்காகவே கழுவுவதாக நினைக்கிறார்கள். அழுக்குக் கூடும் தங்கம்போல மின்னும் கூடும் ஒரே மாதிரிதான் சுடும். கழுவுவதற்கு உண்மையான காரணங்கள் வேறு. தரையில் விழுந்த கூட்டில் மணல் ஒட்டியிருக்கும். அதை அப்படியே அளவு திருத்தும் ‘டை’ அச்சுக்குள் தள்ளினால் ஒரு மணல் துகள் அச்சின் உட்சுவரில் பதிந்து, அதன்பின் நுழையும் ஒவ்வொரு கூட்டிலும் நீளக் கீறல் போடும். இன்னொரு காரணம், கரி மூடிய கூட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. .308 வின்செஸ்டர் போன்ற ரைஃபிள் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை ஏறலாம். விரிசல் விட்ட கூடு அதைத் தாங்குமா என்று சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

கூடு செய்யும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுட்டபின் அதன்மேல் இரண்டு விதமான அழுக்கு இருக்கிறது. ஒன்று கரி, மெழுகு, பிரைமரிலிருந்து வந்த ஈயம், பேரியம், ஆன்டிமனிச் சேர்மங்கள். இவை மேலே ஒட்டிக்கொண்டிருப்பவை, தேய்த்தால் போகும். மற்றொன்று பித்தளையே காற்றோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு படலம். அமிலம் பட்டால் கரையும். வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதும் இதே கணக்குதான்: புளியின் டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது, சாம்பல் உராய்ந்து அழுக்கை உரிக்கிறது.

டம்ப்ளரில் உலர், ஈரம் என்று இரு வகை உண்டு. உலர் வகையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் சுருள்வில்களின்மேல் நிற்கும். அடியில் உள்ள மோட்டாரின் அச்சில் மையம் விலகிய ஓர் எடை. அது சுழலச் சுழலக் கிண்ணம் அதிரும். உள்ளே இருக்கும் வால்நட் ஓட்டுத் தூளோ மக்காச்சோளச் சக்கைத் துகளோ வெளிவிளிம்பில் ஏறி, நடுவில் இறங்கி, கிண்ணத்தைச் சுற்றியும் மெதுவாக நகரும். கூடுகள் அந்த ஓட்டத்தில் மூழ்கி எழும். கிண்ணத்தை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் இந்தச் சுழற்சி நின்றுபோய் எல்லாம் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரம் ஓட்டினாலும் பயன் இல்லை. வால்நட் ஓட்டுத் துகளுக்குக் கூர்முனை அதிகம், கரியை வேகமாக எடுக்கும். சோளச் சக்கை மென்மையாக மெருகேற்றும். பல்லி வளர்ப்போர் கூண்டில் விரிக்கும் வால்நட் தூளையே வாங்கிப் போடுகிற சிக்கனக்காரர்கள் ஏராளம், அதில் தவறும் இல்லை. துகள் நுண்ணியதாக இருப்பது மட்டும் முக்கியம், இல்லாவிட்டால் பிரைமர் துளையில் அடைத்துக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வெளிப்புறம் சுத்தமாகிவிடும். உட்புறமும் பிரைமர் குழியும் அவ்வளவாகச் சுத்தமாகாது.

அந்த இடங்களுக்கும் எட்டுவதுதான் ஈர வகை. ரப்பர் உறையிட்ட உருளை ஒன்று படுக்கைவாட்டில் சுழல்கிறது. அதற்குள் துருப்பிடிக்கா எஃகு ஊசிகள். வழக்கமான அளவு 1.2 மில்லிமீட்டர் தடிமன், ஆறரை மில்லிமீட்டர் நீளம். 7 கிலோ தாங்கும் சிறிய இயந்திரத்துக்குப் பழகிப்போன அளவு இது: ஊசி 2.3 கிலோ, கூடு சுமார் ஒரு கிலோ, தண்ணீர் சுமார் 3.7 லிட்டர் (கூடுகள் முழுக்க மூழ்கும்படி), பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் அமிலம், அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது, கால் தேக்கரண்டி. அமெரிக்கர்கள் பலர் அமிலத்தைக் கரண்டியால் அளப்பதில்லை; .45 கைத்துப்பாக்கிக் கூடு ஒன்றில் அள்ளிப் போடுவார்கள்.

உருளை எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அளவுக்கு மீறிச் சுழன்றால் மையவிலக்கு விசையால் ஊசிகளும் கூடுகளும் சுவரோடு ஒட்டிச் சுற்றும், ஒன்றன்மேல் ஒன்று உருளவே உருளாது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் 95 சுற்று. அதில் பாதிக்குக் கீழே, 40 சுற்று அளவில் ஓட்டினால் கூடுகள் பாதி உயரம் ஏறி, ஊசிகளோடு சரிந்து வழியும். உரசல் நடப்பது அந்தச் சரிவில்தான்.

சோப்புக்கு இங்கே இரண்டு வேலை: எண்ணெயைப் பிரிப்பது, உரிந்த கரியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மறுபடி ஒட்டாமல் தடுப்பது. சோப்பு குறைந்தால் கூடுகள் கரும்சாம்பல் நிறத்தில் வெளிவரும். புதிதாக வாங்கிய ஊசியில் எண்ணெய்ப் பூச்சு இருந்தாலும் இதே கதிதான். அதனால் முதலில் ஊசிகளை மட்டும் சோப்பில் ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும். அமிலம் ஆக்சைடைக் கரைப்பதோடு தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் பிடித்துக்கொள்வதால் உப்புத் தண்ணீரிலும் திட்டு விழாது. ஆனால் கூடுதலாகப் போட்டாலோ, ஊறவைத்துவிட்டு மறந்தாலோ பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று செம்பு மேலே நிற்கும். கூடு வெளிறிய ரோஜா நிறமாகிவிடும். மேற்பூச்சாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம். ஆழமாக இறங்கியிருந்தால் கூட்டைத் தூக்கிப் போடுங்கள்.

அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் பக்கம் போகவே கூடாது. இதற்கு இந்தியாவிலேயே பழைய சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் கூடுகள் சுடாமலே விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், கூடு செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட உள்தகைவும் (உள்ளே அடங்கிக் கிடக்கும் இழுவிசை) சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். சுட்டு விரிந்து, டைக்குள் சுருங்கிய கூட்டிலும் அதே மாதிரித் தகைவு இருக்கிறது.

வேலைக்கு முன் கூடுகளை ரகம் பிரித்துவிடுங்கள். 9 மில்லிமீட்டர் கூடு .40க்குள்ளும், .40 கூடு .45க்குள்ளும் கச்சிதமாக நுழைந்து இறுகிவிடும். உள்ளே இருப்பது கழுவப்படாது. அலுமினியக் கூடுகளை விலக்கி வையுங்கள். பிறகு பழைய பிரைமரைத் தட்டி எடுத்தால்தான் குழிக்குள் ஊசி நுழையும். உருளையை ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் போதும். இரவு முழுக்க ஓட விட்டவர்களின் கூடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாய்விளிம்பு உள்ளும் வெளியும் நசுங்கி, சிறிய உதடுபோலத் தடித்திருக்கும். கூடுகள் ஒன்றோடொன்று மோதியதால் வந்த சேதம் அது. தண்ணீர் குறைந்தால் மோதலைத் தணிக்க ஒன்றும் இராது, விளிம்பு இன்னும் சீக்கிரம் நசுங்கும். இப்படி ஆனால் விளிம்பைச் சீவிவிட்டுத்தான் குண்டு வைக்க முடியும்.

ஊசிகளைப் பிரிக்கக் காந்தம் போதும். ஊசி செய்யும் 304 ரக எஃகு காந்தத்தில் ஒட்டாது என்பார்கள். ஆனால் குளிர்நிலையில் கம்பியாக இழுக்கும்போது அதன் படிக அமைப்பில் ஒரு பங்கு மார்ட்டென்சைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் வடிவமாக மாறிவிடுவதால் ஊசி லேசாக ஒட்டும். கூட்டுக்குள் தங்கியவை தண்ணீருக்கடியில் கவிழ்த்துக் குலுக்கினால் உதிரும். .223 போன்ற ரைஃபிள் கூட்டின் குறுகிய கழுத்தில் ஊசிகள் குறுக்கே சிக்கும், பிரைமர் குழியின் நடுத்துளையிலும் செருகி நிற்கும். ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு இடத்தையும் பார்ப்பது சலிப்பூட்டும் வேலை, ஆனாலும் தவிர்க்கக் கூடாது. சிக்கிய ஊசி அடுத்த சூட்டில் குழலுக்குள் போகும்.

நன்றாக அலசி, துண்டில் உருட்டி, வெயிலில் காயவையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மருந்து கெடும். அவசரமென்றால் 70, 80 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் உலர்த்தலாம். சமையல் ஓவனில் மட்டும் வேண்டாம். சுமார் 250 டிகிரிக்கு மேல் போனால் பித்தளை மெல்ல இளகத் தொடங்கும், அடிப்பகுதி இளகிய கூடு மொத்த அழுத்தத்தையும் தாங்காது.

ஈர வகையில் வரும் அளவுகடந்த சுத்தத்தால் ஒரு சிக்கலும் உண்டு. கழுத்தின் உட்புறக் கரி கொஞ்சம் வழுக்கும் பொருள்; அதுவும் போனபின் குண்டை அழுத்தும்போது பித்தளை கிறீச்சிட்டு இறுகப் பிடிக்கும். அளவு திருத்தியபின் மெழுகு கலந்த சோளச் சக்கையில் அரை மணி நேரம் ஓட்டினால் டைக்குள் தள்ளும்முன் பூசிய மசகும் போகும், மெல்லிய படலமும் படியும். கருப்பதும் தள்ளிப்போகும்.

கடைசியாக ஈயம். உலர் டம்ப்ளரைத் திறக்கும்போது எழும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கிறது. மூடியை இறுக்கி, வீட்டுக்கு வெளியே ஓட்டி, முகக்கவசத்தோடு சல்லடையில் சலிக்க வேண்டும். துணி உலர்த்தியில் போடும் தாள் ஒன்றை நாலாகக் கிழித்து உள்ளே போட்டால் தூசியின் பெரும்பங்கு அதில் ஒட்டிவிடும். ஈர வகையில் தூசி எழாது, ஆனால் கழுவிய கருந்தண்ணீரில் அதே ஈயம் உள்ளது; அதைச் செடிக்கோ சமையலறைத் தொட்டியிலோ ஊற்றக் கூடாது. வேலை முடியும்வரை கையுறையைக் கழற்றாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.