மூன்று ஒயர், நூறு நிறம்

திரையின் ஓர நிறங்களையே பின்சுவரிலும் ஒளிரவிட, திரைக்குப் பின்னால் ஒட்டும் எல்இடி பட்டையில் மூன்றே ஒயர்தான். ஒன்று 5 வோல்ட், இன்னொன்று மின்சாரம் திரும்பும் கிரவுண்ட். மிச்சமிருக்கும் ஒற்றை ஒயர் வழியாக நூறு விளக்குக்கும் வேறுவேறு நிறம் எப்படிப் போகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

முதல் பாதி எளிது. கணினியில் ஓடும் மென்பொருள் திரையின் ஓரங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சராசரி நிறத்தையும் யூஎஸ்பி வழியே ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுப்பும். அது அந்த ஒற்றை ஒயரில் பட்டைக்குத் தள்ளும். டிவி என்றால் படத்தைப் பிடித்துக்கொடுக்க ஒரு கேப்சர் கார்டும், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் வேண்டும்.

அப்புறம்தான் அழகு. பலரும் வாங்குவது டபிள்யூஎஸ்2812பி பட்டை. அதன் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு பொடி சிப் இருக்கிறது. ஆனால் எதற்கும் எண்ணோ முகவரியோ கிடையாது. தேர்வு அறையில் வினாத்தாள் கட்டை முதல் பெஞ்சில் கொடுத்தால், ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் தள்ளுவார்களே, அதே வேலைதான். நூறு நிறங்களும் ஒரே தொடராக வரும். முதல் சிப் முதல் 24 பிட்டை, அதாவது 24 பூஜ்யம்-ஒன்றுகளை, வைத்துக்கொள்ளும்: பச்சைக்கு 8, சிவப்புக்கு 8, நீலத்துக்கு 8. மீதியைப் புதிதாகச் செதுக்கி அடுத்ததற்கு அனுப்பும். அதனால் இரண்டாவது சிப்புக்கு 25ஆவது பிட்தான் முதல் பிட்! தான் எத்தனையாவது என்று எந்த விளக்குக்கும் தெரிய வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு பிட்டும் ஒயரில் ஒரு மின்துடிப்பு. அது சுமார் 0.4 மைக்ரோநொடி நீண்டால் 0, 0.8 நீண்டால் 1. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோநொடி, நூறு விளக்குக்கும் சேர்த்து 3 மில்லிநொடிதான். பிறகு 0.3 மில்லிநொடி ஒயர் அமைதியாக இருந்தால், எல்லா விளக்கும் ஒன்றாக நிறம் மாறும். இவ்வளவு நுட்பத்தை இத்தனை சின்னச் சிப்பில் அடைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

மின்சாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நூறுக்கு 6 ஆம்பியர். யூஎஸ்பி தாங்காது. தனி சப்ளை வைத்து, அதன் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். நான் முதலில் கட்டியபோது இதை விட்டுவிட்டேன். விளக்குகள் கண்டபடி மினுங்கின. கடைசி விளக்குகளில் வெள்ளை மஞ்சளாகவோ சிவப்பாகவோ அடித்தால், அங்கே வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று பொருள். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால் நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும். பட்டையின் இரு முனையிலும் சப்ளை கொடுத்தால் சரியாகிவிடும்.