சத்தம் கேட்ட பிறகு மூன்று விநாடிகூட இல்லை

வேல்ஸில் இருக்கும் மாக் லூப் மலைக்குப் போர் விமானங்களைப் படமெடுக்கப் போக வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். 400 எம்எம் போதுமா, 600 வேண்டுமா, எந்த கேமரா பாடி நல்லது, இப்படியே போகும். என்ன ஷூ போட்டுக்கொண்டு வரலாம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. தொழில்முறைப் புகைப்படக்காரனாகச் சின்னச் சின்னக் குழுக்களை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்பதால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

தெரியாதவர்களுக்கு: வடக்கே டொல்கெத்லாய், தெற்கே மஹன்த்லெத் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே வளையமாகச் சுற்றி வரும் பள்ளத்தாக்குகள்தான் மாக் லூப். பெயரில் உள்ள 'மாக்' மஹன்த்லெத் ஊரின் பெயரிலிருந்து வந்தது, ஒலி வேகத்தைச் சொல்லும் மாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் டைஃபூன், எஃப்-35 போர் விமானங்கள், வேல்ஸிலேயே உள்ள 'வேலி' (Valley) என்ற விமானப்படைத் தளத்திலிருந்து வரும் ஹாக் பயிற்சி விமானங்கள், இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்திலிருந்து வரும் அமெரிக்கர்களின் எஃப்-15 எல்லாம் தாழப் பறந்து பழகுவது இங்கேதான். தரையிலிருந்து 250 அடி, அதாவது சுமார் 76 மீட்டர் வரை இறங்கலாம். நாம் சரிவில் மேலே உட்கார்ந்திருப்பதால் விமானம் நம் கண் மட்டத்தில், சில சமயம் நமக்குக் கீழேகூடப் போகும், விமானியின் ஹெல்மெட் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடுகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சரி, ஆபத்து எங்கே? ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஜெட் 450 நாட் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள், விநாடிக்கு ஏறக்குறைய 230 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். ஜெட் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது கிளம்பிய சத்தம் உங்கள் காதுக்கு வர ஆறு விநாடி ஆகும், ஜெட்டே வந்து சேர ஒன்பது விநாடிக்கும் குறைவுதான். ஆக சத்தம் கேட்ட பிறகு உங்கள் கையில் மூன்று விநாடிகூட இல்லை. இதிலும் பள்ளத்தாக்கு வளைந்து வளைந்து வருவதால், மலை மறைத்துக்கொண்டு பாதி நேரம் அந்தச் சத்தமும் முன்கூட்டியே கேட்காது. மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் அந்த இரண்டு மூன்று விநாடியில் துள்ளி எழுந்து, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சரிவில் கால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் நகர்கிறார். நான் பார்த்த விபத்துகள் எல்லாம் இந்தக் கணத்தில்தான் நடந்தன.

ஒரு அக்டோபரில் என்னோடு வந்த தம்பி ஒருவர் ஓட்டப்பயிற்சி ஷூவில் வந்திருந்தார், பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன், அது என் தவறு. இரண்டு ஹாக் வந்தன. அவர் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவது எட்டு புல் மூடியிருந்த குழிக்குள் போய்விட்டது. கணுக்கால். ஊரில் என்றால் ஆட்டோ பிடித்துப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். இங்கே அரை மணி நேரத்தில் ஏறிய சரிவை இறங்க, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தும் இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் தூறல் வேறு. பாதி வழியில் அவர் பேச்சு குழற ஆரம்பித்தது, ஜிப்பை இழுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவருக்குக் காலைவிடக் குளிர்தான் பெரிய ஆபத்து.

இதைத்தான் நம் ஆட்கள் எடை போடத் தவறுகிறார்கள். ஏறும்போது வியர்க்கும், உடனே கோட்டைக் கழற்றுவோம், மேலே போனதும் ஈர பனியனோடு காற்றில் உட்காருவோம். சுமார் 150 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும், அது பெரிய விஷயமில்லை. கணவாயில் நெருக்கிக்கொண்டு வீசும் காற்றும் ஈரத் துணியும்தான் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடுக்கம், தடுமாற்றம், குழறும் பேச்சு, 'எனக்கு ஒன்றுமில்லை' என்ற பிடிவாதம், இவை தெரிந்தால் அன்றைக்குப் படம் எடுத்தது போதும். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. மாற்று உள்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், மேலே போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். கீழே போட்டு உட்கார ஒரு தடித்த பாய்த் துண்டு, தெர்மாஸில் சர்க்கரை தூக்கலாக டீ. கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் வருகிறவர்களை நான் இப்போது ஏற்றுவதே இல்லை.

படமெடுக்கும்போது கால் விஷயம் இன்னும் ஒன்று. 150 மீட்டர் தள்ளி ஜெட் கடக்கும்போது லென்ஸ் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 75 டிகிரி திரும்ப வேண்டும். அதனால் ஜெட் உங்களைக் கடக்கப்போகும் திசையைப் பார்த்துக் காலை ஊன்றிக்கொண்டு, வரும் திசைக்கு இடுப்பை மட்டும் முறுக்கி நில்லுங்கள், பிறகு விமானத்தோடு இடுப்பு தானாக அவிழ்ந்து வரும், கால் நகரத் தேவையே இருக்காது. சரிவு செங்குத்தாக இருந்தால் உட்கார்ந்தே எடுங்கள், படம் ஒன்றும் குறைந்துவிடாது. ஷட்டர் 1/1000க்கு மேல் வைத்தால் ஜெட்டுக்குப் போதும், புரொப்பெல்லர் விமானம் என்றால் 1/250 பக்கம் இறக்கினால்தான் புரொப்பெல்லர் சுற்றுவது தெரியும். காதில் நுரை அடைப்பான் போடுங்கள், குழந்தைகளை அழைத்து வந்தால் காதை முழுதாக மூடும் கவசம் கட்டாயம்.

டிரோன் எடுத்துக்கொண்டு வரவே வராதீர்கள். பிரிட்டனில் டிரோனுக்கு அனுமதித்த உயரம் 120 மீட்டர், ஜெட் வருவதோ 76 மீட்டரில், நீங்கள் சட்டப்படி பறக்கவிட்டாலும் அது விமானியின் பாதையில்தான் இருக்கும். ஸ்கேனர் வைத்து விமானிகளின் பேச்சைக் கேட்பதும் 2006ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி குற்றம், பக்கத்தில் யாரோ வைத்திருக்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. இந்த மலையிலிருந்து விமானத்தைப் படமெடுப்பதை இங்கே யாரும் தடுப்பதில்லை. அதை நம்பி ஊருக்குப் போகும்போது சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்கள் பக்கம் லென்ஸை நீட்டிவிடாதீர்கள், அங்கே 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது.

மேலே பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. கிளம்பும் முன் எந்த இடத்தில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999க்கு 'ரெஜிஸ்டர்' (register) என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி முன்னமே பதிந்துகொண்டால், பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருக்கும்போதும் செய்தி அனுப்பி உதவி கேட்கலாம். பேச முடிந்தால் 999ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள்.

நவம்பரில் நான்கரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மரத்துப்போன காலோடு ஈரப் புல்லில் இறங்குவது ஏறுவதைவிட மோசம். அதனால் என் குழுவில் அந்த மாதம் இரண்டரை மணிக்குக் கேமரா பைக்குள் போய்விடும், யார் கெஞ்சினாலும் சரி. போன தடவை நாங்கள் காருக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இரண்டு எஃப்-35 தலைக்கு மேலே போயின, ஐந்து பேரும் வெறும் சாக்ஸோடு நின்று அண்ணாந்து பார்த்தோம்.