பராமரிப்புச் சங்கிலி: சொல்லும் பொருளும்

'குளோபல் கேர் செயின்' என்று பெண்ணியப் பொருளியலில் வழங்கும் தொடரைத் தமிழில் 'உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி' என்று எழுதலாம். குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்கு, எல்லை தாண்டி, கூலிக்கு மாறிக்கொண்டே போவதைக் குறிக்கும் சொல் இது. ஒவ்வொரு கைமாற்றமும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

குறைந்த அளவில் மூன்று கண்ணிகள் இருக்கும். பணக்கார நாட்டில் வேலைக்குப் போகும் ஒருத்தியின் குழந்தையை, ஏழை நாட்டிலிருந்து வந்த இரண்டாமவள் வளர்க்கிறாள். ஊரில் அவள் விட்டுவந்த குழந்தைகளை, அவள் அனுப்பும் பணத்தில் கூலி பெறும் மூன்றாமவள் பார்த்துக்கொள்கிறாள். அந்த மூன்றாமவளும் ஒரு தாய்தான். அவள் வேலைக்குப் போன நேரத்தில் அவளுடைய மூத்த மகள்தான் தன் தம்பி தங்கைகளுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கிறாள். முதல் கண்ணியில் கூலி அதிகம், அடுத்ததில் குறைவு, கடைசியில் கூலியே இல்லை. மூத்த மகளுடைய படிப்புதான் அங்கே செலவாகிறது. சங்கிலியின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் அது கூலியில்லாத ஒரு பெண்ணிடம் போய்த்தான் முடிகிறது. இந்தச் சொல் உருவாக்கப்பட்டதே அந்தக் கடைசிப் பெண்ணைக் கண்ணில் படச் செய்யத்தான்.

2000-இல் வெளியான ஒரு கட்டுரையில் இத்தொடரைப் பயன்படுத்தியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ரசல் ஹாக்ஷீல்ட். அவர் சான்றாகக் கொண்டது, ரோமிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வீட்டு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்களைப் பற்றி ராசெல் பரேனாஸ் நடத்திய கள ஆய்வு. 'சங்கிலி' என்ற பகுதி அதற்கு முன்பே பொருளியலில் இருந்தது. ஒரு சரக்கு மூலப்பொருளிலிருந்து கடைக்கு வரும்வரை எந்தெந்த நாட்டில் எந்தெந்த வேலை நடக்கிறது, லாபம் எங்கே தங்குகிறது என்று பார்க்க 'சரக்குச் சங்கிலி' என்ற கருத்தை 1970களின் பிற்பகுதியில் ஹாப்கின்ஸும் வாலர்ஸ்டைனும் முன்வைத்தார்கள். 1990களில் கேரி ஜெரெஃபி அதை விரித்தார். அந்த ஆய்வுகள் பேசியது ஆடையையும் காலணியையும் பற்றி. அந்த ஆடையைத் தைத்தவளின் குழந்தை யாரிடம் இருந்தது என்பது அவற்றின் கேள்வியாக இல்லை. சரக்குக்குக் கேட்ட கேள்வியைப் பராமரிப்புக்கும் கேட்டதுதான் பெண்ணியம் செய்த மாற்றம்.

சொல்லின் வேர்களையும் பார்ப்போம். ஆங்கிலக் 'கேர்', பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை என்ற பொருளுடைய 'காரு' என்ற சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் 'கூரா'வைப் போல ஒலித்தாலும் அதற்கு உறவில்லாதது. ஒருவரை எண்ணிக் கவலைப்படுவது என்ற உணர்வும், அவருக்காக உடலால் வேலை செய்வது என்ற செயலும் அந்த ஒரே சொல்லில் கலந்து நிற்கின்றன. இந்தக் கலப்பைத்தான் முதலாளிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்று சொல்லிவிட்டால் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்க வாய் வராது.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியில் உள்ளன: கவனிப்பு, பேணல், பராமரிப்பு.

'கவனிப்பு' பேச்சில் இயல்பாக வரும். ஆனால் அதற்கு உபசரிப்பு, கையூட்டு என்றெல்லாம் பொருள் விரிந்துவிட்டது. கலைச்சொல்லாக நிற்க அது போதாது.

'பேணல்' தூய தமிழ், அழகான சொல். குறளின் வாழ்க்கைத் துணைநல அதிகாரத்தில் 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணித் தகைசான்ற சொற்காத்துச் சோர்விலாள் பெண்' என்று வருகிறது. தன்னையும் காத்து, கணவனையும் பேணி, குடும்பத்தின் புகழையும் காத்து, இத்தனைக்கும் சோர்ந்துபோகாதவள் பெண் என்கிறது குறள். பேணுவது பெண்ணின் இயல்பு, கடமை என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஊறியிருக்கிறது. எந்த எண்ணத்தைக் கேள்வி கேட்க வந்தோமோ அதையே கலைச்சொல்லுக்குள் வைத்துத் தருவது சரியாக இருக்காது.

'பராமரிப்பு' வடமொழி 'பராமர்ச'த்தோடு தொடர்புடையது. மூலப்பொருள் பற்றுதல், ஆராய்தல். தமிழில் அது தாங்குதல், காத்தல் என்று ஆனது. இதில் உள்ள சிக்கல் வேறு வகையானது. சாலைக்கும் இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் இதே சொல்லைத்தான் சொல்கிறோம். 'பராமரிப்புப் பணி' என்றால் மின்தடை அறிவிப்புதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் பராமரிப்பை ஏற்று, அதன்பின் வரும் சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பணி' வேண்டாம். 'சேவை'யும் வேண்டாம், அது கூலியை மறக்கச் செய்கிறது. 'பராமரிப்பு உழைப்பு' என்றால் இயந்திரமும் விலகிவிடும், தியாகமும் விலகிவிடும், உழைப்பவள் முன்னே வருவாள். முதல்முறை எழுதும்போது 'உலகளாவிய பராமரிப்பு உழைப்புச் சங்கிலி' என்று முழுமையாக எழுதிவிட்டு, பிறகு 'பராமரிப்புச் சங்கிலி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

சங்கிலிக்குப் பதிலாகத் 'தொடர்' என்பாரும் உண்டு. பழந்தமிழில் தொடர் என்றால் சங்கிலியேதான். புறநானூற்றில் சேரமான் கணைக்கால் இரும்பொறை 'தொடர்ப்படு ஞமலி' என்று சங்கிலியில் கட்டிய நாயைச் சொல்கிறான். இன்று அந்தப் பொருள் மங்கி, வரிசை என்பதே மிஞ்சியிருக்கிறது. கட்டுண்டிருத்தல் என்ற பொருளும் சேர்ந்து ஒலிப்பதால் சங்கிலியே பொருத்தம்.

இந்த உறவுக்குத் தமிழ் மரபிலேயே ஒரு பெயர் உண்டு. பெற்ற தாய் நற்றாய், வளர்த்த தாய் செவிலி. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். பிறர் மகளை வளர்ப்பவளின் சொந்த மகள், அந்தப் பிறர் மகளுக்கே துணையாகிறாள். அங்கே செவிலியும் அவள் மகளும் ஒரே இடத்தில் இருந்தார்கள். இன்றைய சங்கிலியில் அந்த இருவருக்கும் நடுவே ஒரு நாட்டெல்லையும் ஒரு விசாவும் நிற்கின்றன.

உலகமயமாக்கல் இதற்குள் எப்படி வருகிறது? 1980களின் கடன் நெருக்கடியில் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் கட்டமைப்புச் சீரமைப்பு நிபந்தனைகளோடு கடன் கொடுத்தன. மானியம் குறைந்தது, மருத்துவமனைச் செலவும் பள்ளிச் செலவும் வெட்டப்பட்டன. வெட்டப்பட்ட வேலை மறைந்துவிடவில்லை. நோயாளி முன்னதாக வீடு திரும்பினால் மிச்ச நாள் மருத்துவம் வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். பொருளியலாளர் டயான் எல்சன் போன்றோர் சுட்டியது இதைத்தான்: பெண்களின் கூலியில்லா உழைப்பு எவ்வளவு இழுத்தாலும் நீளும் என்று அந்தத் திட்டங்கள் எண்ணிக்கொண்டன. செலவு கூடி வருமானம் குறைந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளிநாடு போக வேண்டும் என்ற நிலையில், பணக்கார நாடுகளில் தேவை இருந்தது வீட்டு வேலைக்கும் செவிலியருக்கும். அரசுகளும் அந்த வழியைத் திறந்துவிட்டன. பிலிப்பைன்ஸ் 1974-லேயே தன் தொழிலாளர் சட்டத்தின் வழியாக ஆள் அனுப்புவதை அரசுக் கொள்கையாக்கியது. இதனால்தான் 'உலகமயமாதல்' என்று தானே நடப்பதுபோல எழுதாமல், செய்பவர் உண்டு என்று காட்டும் 'உலகமயமாக்கல்' என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணிகள் இறுகுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது முகவர் கட்டணம்: கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போனால் முதல் மாதங்களின் சம்பளம் கடனுக்கே போகும், வேலை மோசமாக இருந்தாலும் திரும்ப முடியாது. இரண்டாவது, விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பது. வளைகுடா நாடுகளின் கஃபாலா முறை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஹாங்காங்கில் ஒப்பந்தம் முறிந்தால் பொதுவாக 2 வாரத்துக்குள் வெளியேற வேண்டும். மூன்றாவது, முதலாளி வீட்டிலேயே தங்குவது. வேலை நேரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது, இரவில் குழந்தை அழுதால் எழுவதும் கணக்கில் வராது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்று 2013-இல் நடைமுறைக்கு வந்த 189-ஆம் உடன்படிக்கை இந்த மூன்றையும் தொடுகிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, பாஸ்போர்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை, ஓய்வு நாளில் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை என்ற விதி, முகவர் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்ற விதி ஆகியவை அதில் உள்ளன. ஒரு நாடு ஏற்பிசைவு தந்தால்தான் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். அதே அமைப்பின் 2021 மதிப்பீட்டில் உலகில் வீட்டுப் பணியாளர்கள் சுமார் 7 கோடியே 56 லட்சம் பேர். அவர்களில் 76.2 சதவீதம் பெண்கள், 81.2 சதவீதம் முறைசாரா வேலையில் இருப்பவர்கள்.

கணக்குப் புத்தகங்களில் இந்தச் சங்கிலி பாதிதான் தெரியும். ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை அளக்கும் நாட்டுக் கணக்கு முறையின்படி கூலிக்கு அமர்த்திய வீட்டு வேலை உற்பத்தியில் சேரும், சொந்த வீட்டில் கூலியின்றிச் செய்யும் அதே வேலை சேராது. ஒருத்தி புலம்பெயர்ந்ததும் அவள் சம்பளம் வேலை செய்யும் நாட்டின் உற்பத்தியில் ஏறுகிறது, அனுப்பும் பணம் சொந்த நாட்டின் அந்நியச் செலாவணி வரவில் ஏறுகிறது. அவள் வீட்டில் நின்றுபோன வேலையும், அதை ஏற்றுக்கொண்ட மகளின் உழைப்பும் எங்கும் ஏறுவதில்லை. இரு பக்கமும் லாபக் கணக்கு மட்டுமே தெரிய இதுவே காரணம். 1988-இல் நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் இந்தக் கணக்கு முறையை விரிவாக விமர்சித்தார். கூலியில்லாப் பராமரிப்புக்கு உலகம் நாளொன்றுக்குச் செலவிடுவது 1,640 கோடி மணி நேரம் என்று 2018-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணித்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் பெண்களுடையது.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில. 'உழைப்பின் பெண்மயமாக்கம்' என்பது, வேலைச் சந்தையில் பெண்கள் பெருகுவதையும், எல்லா வேலைகளுமே பெண்களுக்குத் தரப்பட்ட வேலைகளைப் போல நிலையற்றதாகவும் குறைந்த கூலியுடையதாகவும் மாறுவதையும் சேர்த்துச் சொல்வது. 1989-இல் கை ஸ்டாண்டிங் எழுதிய கட்டுரையால் பரவியது. 'ரீபுரொடக்டிவ் லேபர்' என்பதை 'இனப்பெருக்க உழைப்பு' என்று பெயர்த்தால் பொருள் முற்றிலும் கெடும். அங்கே பேசப்படுவது பிள்ளைப்பேறு மட்டும் அல்ல, சமைப்பது முதல் வளர்ப்பது வரை மனிதரை மறுநாளைக்கு ஆளாக்கும் எல்லா வேலையும். 'மறுஉற்பத்தி உழைப்பு' என்பதே சரி.

பராமரிப்புச் சங்கிலி என்ற கருத்துக்கும் விமர்சனம் உண்டு. தாயையும் குழந்தையையும் மட்டுமே மையமாக வைத்தது, முதியோர் பராமரிப்பையும் மணமாகாத பெண்களையும் ஆண் பணியாளர்களையும் விட்டுவிட்டது என்றார்கள். நிக்கோலா யேட்ஸ் இதைச் செவிலியருக்கும் பயிற்சி பெற்ற பிற பணியாளர்களுக்கும் விரித்தார். அங்கே கடைசிக் கண்ணி வீடு மட்டுமல்ல, ஆள் குறைந்துபோன பொது மருத்துவமனையும்கூட. அந்தச் செவிலியரைப் படிக்க வைத்த செலவு அனுப்பிய நாட்டுடையது. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆளெடுப்பு நெறிமுறை இதைத் தொட்டாலும் அது தன்னார்வ நெறிமுறைதான், கட்டாயம் இல்லை.

இன்னொரு விமர்சனம் மொழியைப் பயன்படுத்துவோருக்கு நேரடியானது. புலம்பெயர்ந்த தாய்களைக் குற்றவாளிகளாக்க இந்தச் சொல்லை எளிதில் வளைத்துவிடலாம். தாய் போனபின் பல வீடுகளில் தந்தை பராமரிப்பை ஏற்பதில்லை, பாட்டியோ அத்தையோ மூத்த மகளோ ஏற்கிறார்கள் என்பது பரேனாஸின் பிற்கால ஆய்வில் தெளிவாகவே வருகிறது. ஆகவே 'தாய் விட்டுச்சென்ற குழந்தைகள்' என்று எழுதும்போது, அந்த வீட்டில் தந்தை என்ன செய்தார், வேலை கொடுத்தவர் எத்தனை நாள் விடுப்புத் தந்தார், அரசு குழந்தைகள் காப்பகம் நடத்தியதா என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும்.