மண்ணில் புதையல் கிடைத்தால்: மகஜரில் முதலில் உங்கள் பெயர் ஏறட்டும்

வீட்டுக்கு வானம் தோண்டும்போது கடப்பாரை ஒரு செம்பில் மோதுகிறது. உள்ளே பழங்காசு. சாயங்காலத்துக்குள் வி.ஏ.ஓ. வந்துவிடுவார், பின்னாலேயே தாசில்தார், போலீஸ். எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் பேப்பரிலும் வந்துவிடும். கடப்பாரை பிடித்தவர் பெயர்தான் எதிலும் இருக்காது. பொருளைக் கைப்பற்றும்போது அதிகாரிகள் எழுதிக் கையெழுத்து வாங்கும் பதிவுதான் மகஜர். நான் பார்த்த ஒரு மகஜரில் கண்டெடுத்தவர் என்ற இடத்துக்கு நேரே "கிராமப் பொதுமக்கள்" என்று எழுதியிருந்தார்கள். பொதுமக்கள் யாரும் அந்தக் குழியில் இறங்கவில்லை. இறங்கியவர் ஒரு கூலித் தொழிலாளி. அந்த ஒரு வரியால் அவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

பங்கு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. "மண்ணுக்குள்ள இருக்கறது எல்லாம் கவர்மெண்டுக்குச் சொந்தம்" என்று அலுவலகத்தில் சொல்வார்கள்; நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய சுவர், தூண் போன்றவற்றிலோ மறைத்து வைக்கப்பட்ட, மதிப்புள்ள எதுவும் புதையல்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத பொருள் என்று அவர் அறிவித்தபின், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. இடத்துக்காரர் என்று யாருமே உரிமை கோரி வராவிட்டால் முழுவதும் கண்டெடுத்தவருக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. கூலிக்கு மண் வெட்டியவர் கண்டெடுத்தவர் ஆகமாட்டார் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

பிரித்துக் கொடுப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் அரசு அந்தப் பொருளைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். தொன்மையான பொருள் என்றால் பெரும்பாலும் அதுதான் நடக்கும். அப்போது தரும் தொகை, பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பு, அதற்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். காசு சேகரிப்பவர் லட்ச ரூபாய் கொடுக்கக்கூடிய பழங்காசானாலும், அதில் இருக்கும் தங்கத்துக்கோ செம்புக்கோதான் விலை. ஐம்பொன் சிலை என்றால் சிலைக்கு விலை இல்லை, உலோகத்தின் எடைக்குத்தான் விலை. இதைக் கேட்டதும், கமுக்கமாக விற்றுவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

தெரிவிக்காமல் மறைத்தால் உங்கள் முக்கால் பங்கு அப்படியே அரசுக்குப் போய்விடும், கூடவே ஓராண்டு வரை சிறை. மறைக்க உடந்தையாக இருந்த இடத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அவர் பங்கும் போய்விடும். நகைக்கடையில் உருக்கக் கொடுத்தவர்களும், நாலு காசைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து வாயை அடைத்தவர்களும் மாட்டிக்கொள்வது எப்படி என்றால், பங்கு பிரிப்பதில் வரும் சண்டையால்தான். கோபித்துக்கொண்ட ஒருவர் ஸ்டேஷனுக்குப் போவார். நூறு ஆண்டு பழைய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி, எழுத்து விஷயம். சட்டம் கேட்பது எழுத்து மூலமான அறிவிப்பு, அதுவும் கலெக்டருக்கு. வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னதும், 100-க்குப் போன் போட்டதும் அந்த அறிவிப்பு ஆகாது. அவர்களிடம் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். என்ன பொருள், எத்தனை, எந்த இடத்தில், சர்வே எண் என்ன, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதுங்கள். "இதைக் கண்டெடுத்தவன் நான்" என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். உடன் இருந்த இரண்டு பேர் பெயரைச் சாட்சியாகப் போடுங்கள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, அய்யா பாத்துக்குவாரு" என்பார்கள். சீல் இல்லாமல் நகராதீர்கள். திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். ஆனால் அதற்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், தாமதமே உங்கள் மேல் சந்தேகமாகத் திரும்பும். சீல் போட மறுத்தால் அன்றே தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பொருளைக் கொண்டுபோகும்போது மகஜர் எழுதுவார்கள். அவசரப்படுத்துவார்கள், இருட்டிப் போயிருக்கும், டார்ச் வெளிச்சத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். எண்ணிக்கையும் எடையும் எழுதாத மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள். "சில மஞ்சள் நிற உலோக நாணயங்கள்" என்ற வாசகத்தைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை நாணயம், எத்தனை கிராம்? கிராமத்தில் தராசு இல்லாமல் போகாது, மளிகைக் கடைத் தராசு போதும். திருவானைக்காவல் கோயிலில் 2020-இல் கிடைத்த பானையில் 505 தங்கக் காசுகள், எடை 1.716 கிலோ என்று அன்றைக்கே கணக்கு வெளியே வந்தது. கோயிலில் முடிந்தது உங்கள் வாசலிலும் முடியும். போனில் எல்லாக் காசையும் பரப்பி வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். மண்ணைக் கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்து போய்விடும். பளபளவென்று இருப்பதைப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்ற கேள்வியும் வரும்.

பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் செலுத்த வேண்டும், இல்லையென்றால் கேட்கும்போது ஒப்படைக்கக் கலெக்டருக்குப் பிணை தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாலுகா அலுவலகத்துக்குப் போய் அங்கே ஏதாவது பீரோவில் கிடக்கும். அதனால் கருவூலத்தில் செலுத்திய சீட்டின் நகலைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அடுத்த கட்டம். கலெக்டர் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, உரிமை உள்ளவர்கள் எல்லோரும் குறிப்பிட்ட நாளில் ஆஜராக வேண்டும் என்பார். அந்த நாள், அறிவிக்கை வெளியானதிலிருந்து நான்கு மாதத்துக்கு முன்னும் இருக்காது, ஆறு மாதத்துக்குப் பின்னும் இருக்காது. அன்று வராதவருடைய உரிமை அதோடு போய்விடும். இதை வீட்டுக்கு வந்து யார் சொல்கிறார்கள்? கூலி வேலைக்கு வந்தவர் அதற்குள் வேறு ஊரில் வேலையில் இருப்பார். ஆகவே மனுவில் முகவரியோடு போன் எண்ணையும் எழுதுங்கள். ஊர் மாறினால் அதையும் எழுதிக் கொடுங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து அந்தப் பிரிவில் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். "ஃபைல் தொல்லியல் துறைக்குப் போயிருக்கு" என்பார்கள். அங்கே போனால் "கலெக்டர் ஆபீஸ்லதான் கேக்கணும்" என்பார்கள். அறிவிக்கை வெளியிட வேண்டியவரும் விசாரிக்க வேண்டியவரும் கலெக்டர்தான். தொல்லியல் துறை பொருளின் காலத்தைச் சொல்லலாம், பங்கை முடிவு செய்யாது. "அறிவிக்கை எந்தத் தேதியில் வெளியானது, விசாரணை நாள் எது" என்று இந்த இரண்டை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

கூலியாட்களுக்குத் தனியாக ஒன்று. முக்கால், கால் என்ற கணக்கு, உங்களுக்கும் இடத்துக்காரருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான். ஒப்பந்தம் இருந்தால் அதன்படிதான் பிரிப்பார்கள். மேஸ்திரி, "எல்லாருக்கும் பொதுவா எழுதிருக்கேன், கையெழுத்துப் போடு" என்று ஒரு தாளை நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாயைக் கையில் திணித்து வாங்கிய கைநாட்டு, முக்கால் பங்கைத் தின்றுவிடும். படிக்கத் தெரிந்தவரைக் காட்டாமல் எதிலும் விரல் வைக்காதீர்கள்.

"இது எங்க பாட்டி புதைச்ச நகை" என்பவர்களும் உண்டு. நூறு ஆண்டுக்குள் உங்கள் குடும்பத்தார் புதைத்தது என்று கலெக்டர் நம்பக் காரணம் இருந்தால், உரிமையை நிறுவ சிவில் கோர்ட்டுக்குப் போக அவகாசம் தருவார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நகைப் பட்டியல், பழைய அடகுச் சீட்டு, ஏதாவது ஒரு காகிதம் இருந்தால் முதல் நாளே மனுவோடு இணையுங்கள். காகிதம் இல்லாத பாட்டிக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை.

கோயில் நிலத்தில் கிடைத்தால் இன்னொரு துறையும் சேர்ந்துகொள்ளும். 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் கிடைத்ததே, அந்த மாதிரி இடங்களில் வருவாய்த் துறை, அறநிலையத் துறை, தொல்லியல் துறை என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அப்போதும் மனு கலெக்டருக்குத்தான்.

கடைசியாக, மெட்டல் டிடெக்டர் வாங்கிய தம்பிகளுக்கு. மாநகராட்சிப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ கருவி "கீய்" என்றதும் மண்வெட்டியைப் போடாதீர்கள். புதையல் சட்டம் கிடைத்ததைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அடுத்தவர் இடத்தைத் தோண்ட உரிமை தரவில்லை. பூங்கா என்றால் உள்ளாட்சியின் எழுத்து அனுமதி வேண்டும்; வாட்ச்மேன் "சரி தம்பி" என்றது அனுமதி அல்ல. ஆதிச்சநல்லூர் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் தோண்டினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அமராவதி ஆற்றில் கரூர்ப் பக்கம் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருப்பது உண்மைதான். அதைச் சொல்லி ஆழத்தில் தேடும் கருவி விற்பவரும், இரிடியம், ரைஸ் புல்லிங் (அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம்) என்று வருபவரும் உங்கள் பணத்துக்குத்தான் குழி வெட்டுகிறார்கள். கடற்கரை மணலில் நேற்று யாரோ தவறவிட்ட மோதிரம் புதையல் ஆகாது. அதை வைத்துக்கொண்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில், அடுத்தவர் பொருளை அபகரித்ததாக வழக்கு வரலாம். போலீஸ் நிலையத்தில் கொடுங்கள், கொடுக்கும்போது அங்கேயும் ஒரு ரசீது கேட்டு வாங்குங்கள்.