கால் மேட்டுக்கு அடியில் குளம்: பழைய பிக்கப்பில் மழைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி லோடு அடிக்கும் ஒரு பிக்கப், 2009 மாடல், போன ஐப்பசியில் என் பட்டறைக்கு வந்தது. ஓனரேதான் டிரைவர். வண்டியை நிறுத்தியதும் இன்ஜினையோ கிளட்சையோ காட்டவில்லை, நேராகக் கிளீனர் பக்கக் கதவைத் திறந்து காலடியில் விரித்திருக்கும் மேட்டை (ஃப்ளோர் மேட்) கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பொளக்கென்று தண்ணீர் மேலே வந்தது. "மூணு தடவை சிலிக்கான் அடிச்சாச்சுண்ணா, மழை வந்தா மறுபடியும் குளம்தான்." முன் கண்ணாடியைச் சுற்றிப் பார்த்தேன். அடித்தவர் குறையே வைக்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பூச்சு, பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது.

கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படி நாலைந்து வண்டி வரும். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: தண்ணீர் சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கேயே அடைப்பது. தண்ணீர் கூரைத் தகட்டின் மடிப்பில் நுழையும், உள்ளே தூண் வழியாக இறங்கும், வயரிங் செட்டைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, எங்கே தாழ்வோ அங்கே சொட்டும். நுழைகிற இடத்துக்கும் சொட்டுகிற இடத்துக்கும் நடுவில் மூன்று நாலு அடிகூட இருக்கலாம்.

அதனால் நான் முதலில் எடுப்பது ஸ்பானர் இல்லை, கேள்விதான். ஓடும்போது வருகிறதா, நிற்கும்போது வருகிறதா? எதிர்க்காற்றில் ஓடும்போது மட்டும் வந்தால் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், கதவு ரப்பர் மேல் சந்தேகம் போகும். நின்ற வண்டியில் வந்தால் கூரை, இல்லை வைப்பருக்குக் கீழே இருக்கும் பகுதி. மழை விட்டு வெகுநேரம் கழித்து, வளைவில் திருப்பும்போது திடீரென்று கொட்டினால் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். வண்டி ஏற்றத்தில் நிற்குமா, சரிவில் நிற்குமா என்பதையும் கேட்பேன். அப்புறம் விரலால் தொட்டுப் பார்ப்பேன். கொழகொழப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது மழையே இல்லை, ஹீட்டர் இருக்கும் வண்டியில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது. வெயில் நாளிலும் ஈரம் என்றால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும்.

நம் தக்காளி அண்ணன் சொன்ன பதிலிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. ஓடும்போது ஒரு சொட்டும் இல்லையாம். ராத்திரி மழையில் நிறுத்தி வைத்து, காலையில் எடுத்து முதல் வளைவு திரும்பினால் டேஷ்போர்டுக்குள் சளக் சளக் என்று சத்தமாம். வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டேன். "வீட்டு முன்னாடி புளியமரம் இருக்கு, அதுக்குக் கீழதான்."

முன் கண்ணாடியில் வழிகிற மழை எல்லாம் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கிரில் வழியாக ஒரு நீளமான தொட்டிக்குள் இறங்கும். தொட்டியின் இரண்டு ஓரத்திலும் வடிகால் ஓட்டை உண்டு, அது வழியாக ஃபெண்டருக்கு (முன் சக்கரத்தை மூடியிருக்கும் தகடு) பின்னால் தரையில் ஊற்றிவிடும். கேபினுக்குக் காற்று இழுக்கும் புளோயரின் வாயும் அதே தொட்டியில்தான் இருக்கிறது, பெரும்பாலான வண்டிகளில் கிளீனர் பக்கம். வாயைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு உண்டு. வடிகால் அடைத்தால் தொட்டி நிரம்பும், வரப்பைத் தாண்டும், கிளீனர் காலடியில் கொட்டும். அரச இலை, மா இலை எல்லாம் கிரில்லுக்கு மேலேயே நின்றுவிடும், கையால் அள்ளிப் போட்டுவிடலாம். புளிய இலை அப்படி இல்லை. அரிசி அளவு இலை, சல்லடையில் மாவு விழுகிற மாதிரி இறங்கிவிடும். நம் மாவட்டத்தில் ரோட்டோரம் எங்கே நிழல் தேடினாலும் புளியமரம்தானே.

கிரில் மேல் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். ஃபெண்டருக்குக் கீழே ஒரு சொட்டும் வரவில்லை. இரண்டு, மூன்று. நாலாவது மக்கில் உள்ளே உட்கார்ந்திருந்த பையன் கத்தினான், "வந்துருச்சுண்ணா!" கிரில்லைக் கழற்றினால் டிகாக்‌ஷன் எடுத்த காபித்தூள் சக்கை மாதிரி கறுப்பாக, இரண்டு கை நிறைய. அதில் ஒரு புளியங்கன்று வேறு இரண்டு இலை விட்டிருந்தது. வடிகால் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பெயிண்ட் உரிந்து அங்கேயே துரு பிடிக்கும். பழைய பிரேக் கேபிளின் பிளாஸ்டிக் உறையை விட்டு ஆட்டி, தண்ணீர் விட்டால் போதும்.

இதோடு முடிந்தது என்று அனுப்பியிருந்தால் அவர் மறுபடி வந்திருப்பார். மேட்டை முழுசாக எடுத்து, தரையைத் துடைத்து உலர்த்தி, பழைய நியூஸ்பேப்பரைப் பரப்பி, உள்ளே ஒருவனை டார்ச்சோடு உட்கார வைத்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டேன். கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும். முதலில் கதவின் அடி, அப்புறம் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கம், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து பத்து நிமிடம் பொறுமையாக. எடுத்ததும் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எது உள்ளே போனது என்று தெரியவே தெரியாது. வாட்டர் சர்வீஸ் கன்னால் அடிக்கவும் கூடாது, அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரே தண்ணீர் விடும்.

டிரைவர் பக்கம் பேப்பரில் ஈரம் ஒரு கோடாக ஓடியது. பின்னாடியே போனால், எக்ஸ்ட்ராவாகப் போட்ட ஃபோகஸ் லைட் வயர். இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்கு வரும் இடத்தில் ஓட்டையில் வயரைச் சுற்றி அடைத்திருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது கிராமெட்டை, பிளேடால் கிழித்து நுழைத்திருக்கிறார்கள். மேலிருந்து நேராக உள்ளே இறங்கும் வயர், தண்ணீருக்கு ராஜபாட்டை. புது கிராமெட் போட்டு, வயரை ஓட்டைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றி நுழைத்தேன். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். வீட்டுச் சுவரில் வயர் நுழைகிற இடத்தில் எலக்ட்ரீஷியன் விடுகிறாரே, அதே வேலை.

கதவு விஷயமும் நிறைய வரும். கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது சகஜம், கம்பெனியே அப்படித்தான் செய்திருக்கிறது, அடியில் உள்ள ஓட்டை வழியாக அது வெளியேற வேண்டும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடிக்கும்போது அந்த ஓட்டையைப் பட்டி வைத்து அழகாக மூடிவிடுகிறார்கள்! ஸ்பீக்கர் மாட்டும்போது கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கிழித்து எறிவார்கள். அது குப்பை இல்லை, உள்பக்கம் தண்ணீர் வராமல் தடுப்பதே அதுதான். கூரையில் கேரியர் போல்ட், லைட் ஸ்க்ரூ என்று துளை போட்ட வண்டிகளில் வாஷரையும் மடிப்பில் இருக்கும் சீலரையும் பார்த்துவிடுங்கள்.

சிலிக்கான் பற்றி ஒரு வார்த்தை. வினிகர் மாதிரி நெடி அடிக்கும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும், பெயிண்ட் போன தகட்டில் அது துருவைக் கிளப்பிவிடும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அரித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி பீடிங் கல் மாதிரி இறுகியிருந்தால் கண்ணாடியை எடுத்துப் புது பீடிங் போடுவதுதான் வேலை. தகட்டு மடிப்புக்குப் பழைய சீலரைச் சுரண்டி, துரு தேய்த்து, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். வடிகால் ஓட்டை எதையும் தயவுசெய்து அடைக்காதீர்கள்.

கொஞ்சம் ஈரம்தானே என்று விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மேட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மேலே ரப்பர் மேட் போட்டிருந்தால் காயவே காயாது. ஒரு வண்டியில் துருப்பிடித்த தரைத் தகட்டில் ஸ்க்ரூ டிரைவரை லேசாக அழுத்தினேன், ரோடு தெரிந்தது. ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்தால் இன்னும் தலைவலி: ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும், ராத்திரி பேட்டரி இறங்கும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஹெட்லைட் அணையும். அந்தப் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி கதை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டே பார்க்கக் கூடாது, கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

தக்காளி அண்ணன் வண்டிக்குப் பஞ்சை வெயிலில் இரண்டு நாள் போட்டு, தரைக்கு பிரைமர் அடித்துக் கொடுத்தேன். புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று சொன்னதற்குத் தலையாட்டினார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது வண்டி அதே மரத்தடியில்தான் நின்றது, கிரில்லுக்கு மேல் மட்டும் ஒரு துண்டு கொசுவலை, நாலு மூலையிலும் டேப் ஒட்டி. இறங்கி வலையை உதறிவிட்டு வந்தேன், ஒரு கைப்பிடி இலை இருந்தது.