அலுமாரியைக் கழற்றுமுன் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள்

துண்டுதுண்டாகப் பெட்டியில் வந்து வீட்டிலேயே பொருத்திய சிப்போர்ட் அலுமாரியைக் கழற்றும்போது, பலரும் ஸ்குரூ டிரைவரைத்தான் முதலில் தேடுவார்கள். மலையகத்தில் முதலில் தேட வேண்டியது ஈரம். மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. இரண்டு முகத்திலும் மெலமைன் பூச்சு இருப்பதால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்காது. இறங்குவது வெட்டு விளிம்பு வழியாகத்தான். அதிலும் தரையைத் தொடும் விளிம்பில் பெரும்பாலும் டேப் ஒட்டியிருக்கமாட்டார்கள். வட்டவளை, ஹட்டன் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. இதோடு சீமெந்துத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கமும் சேர்ந்தால் அடிவிளிம்பு ஊறாமல் என்ன செய்யும்?

ஆகவே உள்ளங்கையை அடிப்பலகையில் வைத்துத் தடவுங்கள். கரடுமுரடாக, சற்றுப் புடைத்தாற்போல் இருந்தால் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இடுப்புயரத்தில் 18 மில்லிமீற்றர் இருக்கும் பக்கப்பலகை, அடியில் 20 அல்லது 21 காட்டினால் அந்த இடம் பிடிமானத்தை இழந்துவிட்டது. ஊதிய சிப்போர்ட் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. துகள்களுக்கு இடையிலிருந்த பசைப்பிடிப்பு விட்டுவிடுவதே காரணம். அங்கிருக்கும் ஆணியும் போல்ட்டும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை கழன்றால் மறுமுறை பிடிக்காது. வாசலிலும் படியிலும் இடம் இருந்தால் அப்படிப்பட்ட அலுமாரியைக் கழற்றாமல், கதவையும் லாச்சிகளையும் மட்டும் எடுத்துவிட்டு முழுதாகத் தூக்குவதே மேல். முழுதாகக் கழற்றினால்தான் பத்திரம் என்ற எண்ணம் எல்லா அலுமாரிக்கும் பொருந்தாது.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் நாளே அறையின் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். ஹீட்டரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். விளிம்பு டேப்பை ஒட்டியிருப்பது சூட்டில் இளகும் பசை. பலகை காயுமுன் டேப் உரிந்து தொங்கும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 4 மில்லிமீற்றர் எலன் கீ, பெயின்ட் சுரண்டும் மெல்லிய தகடு, குறடு, ரப்பர் சுத்தியல், இரண்டு பழைய போர்வை, ஒரு நல்ல ஸ்டார் ஸ்குரூ டிரைவர். அந்த ஸ்டாரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்குரூவின் தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறிக்கு இடையிலே இன்னும் நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பொசிடிரைவ். அதற்கு PH என்று அடையாளமிட்ட சாதாரண பிலிப்ஸ் முனை சரிவராது, PZ என்று அடையாளமிட்ட பொசிடிரைவ் இரண்டாம் நம்பர் முனைதான் வேண்டும். பிலிப்ஸ் முனையைப் போட்டு அழுத்தினால் வழுக்கி, தலையின் பள்ளத்தை வழித்துவிடும். மின்சார டிரில்லை இந்த வேலைக்குக் கையில் எடுக்கவே வேண்டாம்.

சுவரோடு சேர்த்து இரும்புத்துண்டு அடித்திருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். பிறகு லாச்சிகள். பந்து ஓடும் தண்டவாளமாக இருந்தால் இருபுறமும் சிறிய கறுப்பு நெம்பு இருக்கும். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கி இழுக்க வேண்டும். லாச்சிப் பெட்டிகளை அப்படியே விடுங்கள், அவற்றைப் பிரிப்பதில் லாபமில்லை. கதவுகளைக் கீழ்ப்பிணைச்சலிலிருந்து மேல்நோக்கிக் கழற்றுங்கள்; மேற்பிணைச்சல் கடைசி. மேலே முதலில் விட்டால் கதவின் பாரம் முழுவதும் கீழ்ப்பிணைச்சலை முறுக்கிப் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். கிளிப் வகைப் பிணைச்சல் என்றால் பின்முனையிலுள்ள சிறு நெம்பை அமுக்கினாலே போதும், ஒரு ஸ்குரூவும் தொட வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவை நிறுத்தியே வையுங்கள்.

இனிப் பின்பலகை. 3 மில்லிமீற்றர் ஹாட்போர்ட்தானே என்று அதை அலட்சியம் செய்வார்கள். அலுமாரி நேராக நிற்பதே அதனால்தான். நிறுத்திய நிலையில் அதைப் பிடுங்கினால் சட்டம் முழுவதும் ஒரு பக்கம் சாயும். சாயும்போது மூலையிலுள்ள ஒவ்வொரு போல்ட்டும் நெம்புகோலாகிப் பலகையைக் கிழிக்கும். எனவே தரையில் போர்வையை விரித்து, இருவர் பிடித்து, அலுமாரியை முகம் குப்புறப் படுக்க வையுங்கள். சாய்க்கும்போது ஒருவர் காலால் அடியை முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு ஆணிக்கு ஆணி, பக்கத்திலே தகட்டை நுழைத்து லேசாகத் திருப்புங்கள், ஆணி எழும்பும், குறட்டால் பிடித்து இழுக்கலாம். ஊறிய ஹாட்போர்ட்டில் ஆணித்தலை பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். தங்கினால் தங்கட்டும், பலகையை எடுத்தபின் தனியாகப் பிடுங்கலாம்.

பலகையோடு பலகையைப் பிணைக்கும் கேம் லொக்தான் இந்த வேலையின் உயிர். 15 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டக் காசு போல இருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் கத்திமுனையால் நெம்பி எடுங்கள். காசின் வாய் போல்ட்டின் தலையைக் கவ்வியிருக்கிறது. இடப்பக்கமாக ஏறக்குறைய அரைச்சுற்றுத் திருப்பினால் வாய் போல்ட் வரும் விளிம்பை நோக்கித் திரும்பும். பெரும்பாலான காசுகளில் அதைக் காட்ட ஓர் அம்புக்குறியும் உண்டு. அம்பு விளிம்பைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்குரூ என்று நினைத்துச் சுற்றிக்கொண்டே போனால் வாய் மீண்டும் தள்ளிப்போகும். பலகை வரவில்லையே என்று அடிப்பீர்கள், பலகை பிளக்கும். காசு மென்மையான துத்தநாகக் கலவை, இறுகியிருந்தாலும் குறட்டைப் போட்டு முறுக்காதீர்கள். இறுகிய காசை முதலில் வலப்பக்கம் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல நேரம் அதுவே விடுவித்துவிடும்.

எல்லா லொக்கும் விட்டபின் பக்கப்பலகையை வெளிப்பக்கமாக நேராக இழுங்கள். ஒரு முனையை மட்டும் இழுக்காமல், தலைப்பக்கம் ஒரு சென்ரிமீற்றர், கால்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் என்று மாறிமாறி நகர்த்துங்கள். உள்ளே 8 மில்லிமீற்றர் மரமுளைகள் இருக்கின்றன. ஈரத்தில் அவையும் ஊதி இறுகியிருக்கும். தட்ட வேண்டுமானால் மூட்டுக்கு அருகில், துணி சுற்றிய மரத்துண்டை வைத்து, ரப்பர் சுத்தியலால். பசை போட்டு ஒட்டிய முளை எதற்கும் அசையாது. இடைவெளியில் ஹெக்சோ பிளேட்டை நுழைத்து முளையை அறுத்துவிட்டு, பிறகு புதிதாக 8 மில்லிமீற்றர் துளை போட்டுக்கொள்வதுதான் வழி. எலன் கீ தலையுள்ள தடித்த 7 மில்லிமீற்றர் ஸ்குரூக்கள் இருந்தால் அவற்றைக் கையாலேயே சுற்றி எடுங்கள்.

அடையாளம் போடாமல் பலகைகளை அடுக்கக் கூடாது. ஈரக்காற்றில் மாஸ்கிங் டேப் உரிந்துவிடும் என்பதால், மூட்டின் மறைவான இரண்டு பக்கத்திலும் பென்சிலால் ‘அ’வுக்கு ‘அ’, ‘ஆ’வுக்கு ‘ஆ’ என்று எழுதுங்கள். சின்னச் சாமான்களை எண்ணி, எண்ணிக்கையை எழுதிய சீட்டோடு பையில் போட்டு லாச்சிக்குள் வையுங்கள். போல்ட்டுகளைப் பக்கப்பலகையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பலகையின் முகத்தைக் கீறும்.

லொறியில் பலகைகளைப் படுக்கப்போட்டு மேலே மூட்டை ஏற்றினால் வளையும். நீள விளிம்பில் நிறுத்தி, முகத்துக்கு முகம் துணி வைத்து, லொறியின் நீளவாக்கில் பக்கச்சுவரோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். கினிகத்தேனையிலும் றம்பொடையிலும் வளைவுக்கு வளைவு பாரம் பக்கவாட்டில்தான் தள்ளும். தறப்பாள் அடியிலும் வேண்டும், மேலே மட்டும் போதாது. லொறித்தட்டில் நிற்கும் தண்ணீரைத்தான் வெட்டு விளிம்பு உறிஞ்சும்.

புதிய வீட்டில் பொருத்தும்போது ஸ்குரூவைப் பழைய துளையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ‘டக்’கென்று சற்றே இறங்குவது கைக்குத் தெரியும், பழைய மரை அங்கேதான் இருக்கிறது. அதன்பிறகு வலப்பக்கம் இறுக்கலாம். இப்படிச் செய்யாவிட்டால் புதிய மரை வெட்டி, துளை அகன்று, மூன்றாம் தடவைக்குப் பிடிமானமே இராது. ஏற்கனவே அகன்ற சிறு துளையில் மரப்பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் மட்டமாக வெட்டுங்கள். வெள்ளை மரப்பசை 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாக இறுகாது. நுவரெலியாவின் ஜனவரி இரவில் ஒட்டிவிட்டுக் காலையில் ஸ்குரூ போடாதீர்கள், ஒரு பகல் கூடுதலாக விடுங்கள்.

பின்பலகைக்கு ஆணி அடிக்குமுன் மூலைக்கு எதிர்மூலை குறுக்காக இரண்டு பக்கமும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் சட்டம் கோணாமல் இருக்கிறது; இல்லாவிட்டால் நீளம் கூடிய மூலைகளை லேசாக உள்ளே தள்ளிச் சரிசெய்யலாம். நிறுத்தியபின் அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்து, துடைப்பத் தண்ணீர் படாதபடி தரையிலிருந்து அரை அங்குலமாவது உயர்த்துங்கள். சுவருக்கும் பின்பலகைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே ஓர் இரும்புத்துண்டால் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.